பன்னிரண்டாம் தேதித் தாள்

நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்ப் செய்யும் கம்பெனியில், வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களில் குறை கண்டுபிடிப்பது அவளுக்கு வேலை. குறை சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அலுவலகத்தில் அவளுக்கு 'ஸ்கேல்' என்று பெயர்.

பம்புக்குள் மிளகளவில் ஒரு ரப்பர் வால்வு உண்டு. மருந்து இஷ்டத்துக்கு ஓடிவிடாமல் அடைத்துப் பிடிப்பது அதுதான். அதைச் செய்து தருகிற ஒரே ஆள் அவளுடைய அக்கா கணவர். உறவை அவள் எழுதிக் கொடுத்தபோது, சொந்தக்காரர் என்றால் ஏமாற்ற மாட்டார் என்று சொல்லி மேனேஜர் ஃபைலை மூடிவிட்டார். மேனேஜர்கள் அப்படித்தான்.

ஒன்பது வருடத்தில் அத்தானின் சரக்கு ஒரு நாள்கூடத் தாமதமானதில்லை. பெட்டிக்கு இருநூறு வால்வுகளை அழுத்திச் சோதித்து, எண்களை எழுதி, அவரே கையெழுத்துப் போட்டு அனுப்புவார். கடைசியாக வந்த தாளில் பன்னிரண்டாம் தேதி, காலை பத்து மணி என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. அந்தத் தேதியில், அந்த மணிக்கு, அத்தான் பித்தப்பை ஆபரேஷனுக்காக மயக்கத்தில் கிடந்தார். வெளியே பெஞ்சில் அக்காவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தவள் இவளேதான்.

பட்டறைக்கே போய்க் கேட்டாள். அவர் மறைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே, சரக்கு நின்றுவிடக் கூடாதே என்று முந்தின நாளே எழுதி வைத்துவிட்டாராம். எண்கள் பழைய தாளைப் பார்த்து, கொஞ்சம் முன்னே பின்னே. பாராட்டை எதிர்பார்ப்பவர் போலச் சொன்னார். அந்தப் பொறுப்பைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது.

அந்தப் பெட்டி நல்லவேளையாக ஸ்டோரிலேயே இருந்தது. இருநூறு வால்வுகளை அவளே உட்கார்ந்து சோதித்தாள். மூன்று ஒழுகின. பெட்டியைத் திருப்பி அனுப்பும் அறிக்கையை எழுதினாள். அக்கா போனில், அவருக்கு இன்னும் தையல்கூடப் பிரிக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். ஒரு பெட்டிதானே, அத்தான் தாங்கிக்கொள்வார் என்று இவள் மனதைத் தேற்றிக்கொண்டு மறுபடி பட்டறைக்குப் போனாள்.

"இருநூறுல மூணுதானேம்மா?" என்றார் அத்தான்.

"அன்னைக்கு உங்க கையில மாட்டியிருந்தது ஒண்ணே ஒண்ணுதான் அத்தான். அதுவும் எங்க பம்ப்தான்."

அவர் தன் இடது கையைப் பார்த்தார். ஊசி குத்திய இடம் இன்னும் நீலமாகவே இருந்தது. பிறகு பேனாவை எடுத்து, அவள் கொண்டுவந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். தேதிக் கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்து, வழக்கமான கேள்விபோலக் கேட்டார்.

"எந்தத் தேதி போடட்டும்?"

இட்டுக்கட்டிய தேதி பன்னிரண்டாம் தேதி மட்டும் இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தாளைத் தன் பக்கம் இழுத்து, 'ஒரு பெட்டி' என்பதை அடித்துவிட்டு, 'ஒன்பது வருடத்துப் பெட்டிகள் அனைத்தும்' என்று எழுதினாள்.

"இன்னைக்குத் தேதி போடுங்க, அத்தான்."