ஒரு கை பார்ப்பது

மொழிபெயர்ப்பாளருக்கு முகம் கிடையாது. அமைச்சர் "நான்" என்றால் நானும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "அமைச்சர் என்ன சொல்கிறார் என்றால்" என்று இழுக்கக் கூடாது. எங்கள் தொழிலில் முதல் பாடமே இதுதான். அந்தக் கணக்கில் இந்த நாட்டின் வர்த்தக அமைச்சராகப் பல தடவை இருந்திருக்கிறேன். கார்தான் யாரும் அனுப்பவில்லை.

அந்தப் பெரிய நாடு தன் போர்க்கப்பல்கள் வந்து தங்க எங்கள் துறைமுகத்தில் இடம் கேட்டது. நாங்கள் மழுப்பினோம். நாங்கள் தைத்து அனுப்பும் ஷூக்களுக்கு வரியைக் கூட்டினார்கள். மறுபடியும் மழுப்பினோம். வரி இன்னும் ஏறியது. பயிற்சி என்று சொல்லிக்கொண்டு அவர்களுடைய கப்பல்கள் கடற்கரையில் நின்றாலே தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டன. மீன்பிடிக்கப் போன படகுகள் வெறும் வலையோடு திரும்பின. அப்போதுதான் எங்கள் அமைச்சர் துறைமுக மைதானத்தில் கூட்டம் போட்டு, சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு முழங்கினார்.

"வரட்டும்! ஒரு கை பாத்துடுவோம்!"

விசில் காதைப் பிளந்தது. கூட்டத்தில் என் அக்காவும் இருந்தாள். தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு, மறுநாள் போனில் காற்றாகப் பேசினாள். நான் மேடைக்குப் பின்னால் வெளிநாட்டு நிருபர்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். "மோதிப் பார்க்கத் தயார்" என்று அவர்கள் மொழியில் சொன்னேன். நறுக்கென்று இருந்தது. அன்றைக்கு எனக்கும் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது, மறைப்பானேன்.

நிமிர்ந்த தலை நெடுநாள் நிற்கவில்லை. எங்களிடம் ஷூ வாங்குவதையே அவர்கள் நிறுத்திவிட்டார்கள். அக்கா வேலை பார்த்த கம்பெனியில் கேட்டை இழுத்துப் பூட்டினார்கள். அவள் ஷூவின் மேல்தோலை மெஷினில் தைப்பவள். அத்தானுக்கு அங்கேயே பேக்கிங்கில் வேலை. இருவரும் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அவர் சுவத்துக்குக்கூட பெயின்ட் அடிச்சு முடிச்சிட்டாரு. இனி என்மேலதான் அடிக்கணும்" என்றாள் அக்கா. சிரிக்கத்தான் சொன்னாள். சிரிப்பு வரவில்லை.

பேச்சுவார்த்தைக்கு ஒரு வழியாக அவர்களுடைய தூதர் வந்தார். நீள மேஜை, எலும்பு வரை ஏறும் ஏசி, நடுவில் இரண்டு சின்னக் கொடிகள். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் ஸ்கேல் வைத்து அளந்தார்கள். கொடியளவில் நாங்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

தூதர் வந்ததும் விஷயத்துக்கு வந்தார். "மோதிப் பார்க்கத் தயார் என்றீர்களே, இன்னும் தயாரா?"

நான் அதை அமைச்சருக்குச் சொன்னேன். அந்தக் குளிரிலும் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சேச்சே, அது மொழிபெயர்ப்புல வந்த தப்பு. ஒரு கை பாக்கறதுன்னா ஒத்தாசை பண்றது. வர்றவங்களுக்கு ஒரு கை ஒத்தாசை பண்ணுவோம்னு சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் குழப்பிட்டாங்க. சொல்லும்மா."

நான் எதையும் குழப்பவில்லை. ஆனால் தொழில் தொழில்தான். "என் மொழிபெயர்ப்பாளர் குழப்பிவிட்டார்" என்று என் வாயாலேயே சொன்னேன்.

அப்போது தூதர் யாரும் செய்யாததைச் செய்தார். அமைச்சரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"யார் அந்த மொழிபெயர்ப்பாளர்?"

"நான்தான்."

"நான் என்றால் அமைச்சரா, நீங்களா?"

"நானேதான்."

"அப்படியானால் நீங்களே சொல்லுங்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

அமைச்சருக்கு அவர்கள் மொழி தெரியாது. இருந்தும் கேள்வி புரிந்துவிட்டது. அவருடைய செயலாளர் கூரையில் எதையோ தேடினார். தெருவில் சண்டை போடுகிற சின்னப் பிள்ளைக்கும் அதன் அர்த்தம் தெரியும். உண்மையைச் சொன்னால் அமைச்சர் பொய்யர்; பேச்சு முறியும், கேட் திறக்காது. பூட்டிய கேட்டும், பெயின்ட் டப்பாவோடு நிற்கிற அத்தானும் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள்.

"உதவி செய்வது என்று அர்த்தம். அவசரத்தில் தவறிவிட்டேன்" என்றேன்.

தூதர் புன்னகைத்தார். அவர் நம்பவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. நாங்கள் அப்படிச் சொல்வதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. காது மடல் சுட, குனிந்து என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பல்கள் துறைமுகத்துக்கு வரலாம், வரி பழையபடி குறையும் என்று முடிவானது. அவர்களுடைய நாடாளுமன்றம் ஒப்புக்கொள்வது மட்டும்தான் பாக்கி.

"மொழிபெயர்ப்பாளரின் பிழையால் வந்த வினை" என்று செய்தி வந்தது. பெயர் போடவில்லை, அந்த மட்டும் புண்ணியம். பஸ்ஸில் சில்லறைச் சண்டை நடந்தது. "இறங்கு, உன்னை ஒரு கை பாக்கறேன்" என்றார் கண்டக்டர். "ஐயோ, ரொம்ப நன்றிங்க, இந்தப் பையையும் தூக்கிட்டு வாங்க" என்றார் பயணி. பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா சிரிக்கவில்லை.

"ஒரு கை பாக்கறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதாடி? தொண்டை கிழியக் கத்தினவ நான். அந்த ஆள் பொய் சொன்னா, நீயும் கூடச் சேர்ந்து சொல்வியா? வெக்கமா இல்ல?"

"உனக்காகத்தான்க்கா சொன்னேன்."

"என் தலையில போடாத" என்று போனை வைத்துவிட்டாள். அதன்பிறகு நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

கம்பெனியைப் பாதியளவு திறந்தார்கள். அதற்குள் அந்த நாட்டுப் பத்திரிகைகள், அமைச்சர் பொய் சொல்கிறார் என்று எழுத ஆரம்பித்துவிட்டன. அங்கே நாடாளுமன்றத்திலும் முணுமுணுப்பு. சாதாரண மக்களிடமே அர்த்தம் கேட்கப்போவதாக ஒரு நிருபர் கேமராக்காரருடன் கிளம்பி வந்தார். அவர் பார்க்க வேண்டும் என்று கேட்டது ஷூ கம்பெனியை.

"தப்பு பண்ணவங்களே கூடப் போனா, நம்புவாங்க" என்று மொழிபெயர்க்க என்னையே அனுப்பினார் செயலாளர். நான் தப்பு செய்ததாக அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார் போலிருந்தது.

கம்பெனியில் முன்வரிசைப் பெண்களுக்கு மேனேஜர் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். கேட்பதற்கு முன்பே "ஒத்தாசைங்க" என்றாள் ஒருத்தி. நிருபர் விவரமானவர். முன்வரிசையைத் தாண்டி, மெஷின்களுக்கு நடுவே நடந்து, கடைசி வரிசைக்குப் போனார். நிமிராமல் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு முன்னால் நின்றார்.

அக்கா.

அவள் வாய் எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே மனதில் ஒன்று, வாயில் ஒன்று அவளுக்கு வராது. மேனேஜரின் முகம் வெளுத்துப்போனது. பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"இவரிடம் கேளுங்கள்" என்றார் நிருபர். நாங்கள் உடன்பிறந்தவர்கள் என்று அவருக்குத் தெரியாது.

நான் கேட்டேன். "ஒரு கை பாக்கறதுன்னா என்ன அர்த்தம்னு கேக்கறாருங்க."

என் அக்காவை வாழ்க்கையில் முதல்முறையாக "ங்க" போட்டுப் பேசினேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சொல்லிவிடு என்று ஒரு மனது கெஞ்சியது. சொல்லித் தொலைக்காதே என்று இன்னொரு மனது அதைவிடக் கெஞ்சியது. அவள் சுற்றிலும் பார்த்தாள். நின்றுபோன மெஷின்களுக்குப் பின்னால் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேக்கிங் பக்கம் அத்தான் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிய கையோடு நின்றார்.

"ஒத்தாசை பண்றது" என்றாள் அக்கா.

"உதவி செய்வது" என்று மொழிபெயர்த்தேன்.

"நீங்களும் அப்படித்தான் பேசுவீர்களா?" நிருபர் விடவில்லை. நான் கேட்டேன்.

"ஆமா. வீட்டுல என் தங்கச்சிகிட்டகூட அப்படித்தான் சொல்லுவேன்."

"ஆமாம். வீட்டில் என் தங்கையிடம்கூட நான் அப்படித்தான் சொல்வேன்" என்றேன். விதிப்படி "நான்" என்றுதான் சொன்னேன்.

மேனேஜர் மூச்சு விட்டார். மெஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. அக்கா கத்தரியை எடுத்து நூலை நறுக்கினாள். அடுத்த ஷூவின் தோலை ஊசிக்கு அடியில் வைத்தாள். பிறகு தலையைத் தூக்காமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"போதுமாடி?"

நிருபர் ஆவலோடு என் பக்கம் திரும்பினார். "கடைசியாக என்ன சொன்னார்?"

"வந்ததற்கு நன்றி என்கிறார்" என்றேன்.