பதினேழாம் அத்தியாயத்துத் தலையாட்டி

பதினேழாம் அத்தியாயத்தில் ஐந்தாவது கழுத்தும் கடிபட்டபோது பெர்னடெற் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தாள். முருகேசனின் நாவலில் இரத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. மந்திரக் கோட்டை, வௌவாலாக மாறும் படைவீரர், குடிமக்களின் குருதியையே வரியாக உறிஞ்சும் காட்டேரி அரசன். புலம்பெயர்ந்து வந்து பிளேஸ்டோவில் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் அடிக்கிற இந்தச் சாதுவுக்கு இவ்வளவு கொலைவெறி எங்கிருந்து வந்தது என்று அவளுக்குச் சிரிப்பு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திச் சலித்தவளுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. அவன் வீட்டுக் குசினி மேசையிலேயே உட்கார்ந்து திருத்துவாள். அவன் கறிக்கு வெட்டியபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அடுத்த பக்கத்தில் அரசன் ஊரையே முற்றத்தில் வரிசையாக நிறுத்தினான். சாக்கால் தலை மூடிய ஒருவனுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். சாக்கு அசைந்தால் காட்டேரிகள் பாய்ந்து அந்த ஆளின் தொண்டையைக் கிழிக்கும். தலையாட்டி! ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தால் ஆட்களைக் காட்டிக்கொடுக்க நிறுத்துவார்களே, அதேதான். சாக்கில் தலைகீழாக ஒரு நீல மீன் அச்சு. உள்ளே வெங்காய நாற்றம். துளையைக் கண்ணுக்குக் கீழே வெட்டிவிட்டார்கள். ஆளைப் பார்க்க அவன் குனிய வேண்டியிருந்தது.

பேனா நின்றது. அந்த மீனை அவள் கண்டிருக்கிறாள். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன், பள்ளிக்கூட மைதானத்தில், மஞ்சள் சட்டை போட்ட தம்பி றெஜிக்குப் பின்னால் வரிசையில் நின்றபோது. சாக்கு குனிந்தது. துவக்குப் பிடியால் றெஜியின் வாயில் அடித்தார்கள்; பல் ஒன்று அவள் செருப்பில் வந்து விழுந்தது. தலைமயிரில் பிடித்து ஜீப் வரை இழுத்துப்போனார்கள். பிறகு அவன் இல்லை. மீனை வரிசையில் நின்ற யாரும் பார்த்திருக்கலாம். வெங்காயம் மணந்தது ஒருவனுக்குத்தான்.

"சாக்குக்குள்ள என்ன மணக்கும் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

முருகேசன் கத்தியை வைத்தான். மறுக்கக்கூட இல்லை. "எனக்குப் பத்தொன்பது வயசு அக்கா. நகத்தைப் பிடுங்கிப்போட்டுத்தான் கொண்டுவந்து நிப்பாட்டினவங்கள். நேரா எழுதக் கை வரேல்லை. அதுதான் காட்டேரி எல்லாம்."

அந்தச் சாக்குக்காரனைத் தன் கையால் கொல்வதாக எத்தனை விதமாய் நினைத்திருப்பாள்! மூலையில் கிடந்த வெறும் அரிசிச் சாக்கை எடுத்து அவன் தலையில் கவிழ்த்தாள். அவன் தடுக்கவில்லை. கத்தியை எடுத்தாள்.

"மஞ்சள் சேட்டு போட்டவன் என்ர தம்பி. அவனுக்கு ஏன்ரா தலையாட்டினனி?"

"ஆளைப் பாக்கத்தான் அக்கா குனிஞ்சனான். சத்தியமா. அவங்கள் அதைத் தலையாட்டினதா எடுத்துப்போட்டாங்கள்."

"இழுத்துக்கொண்டு போகேக்க, இவன் இல்லை எண்டு வாயைத் திறந்தனியோ?"

வாய் இருந்த இடத்தில் துணி மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது.

கண்ணுக்குக் கீழே அளவு பார்த்துச் சாக்கைக் குத்திக் கிழித்தாள். கன்ன எலும்பில் முனை தட்டியது அவள் கைக்குத் தெரிந்தது. அவன் முனகினான்.

"இப்ப என்னைப் பார்."

சாக்கு மெல்லக் குனிந்தது. பார்க்கிறானா, தலையாட்டுகிறானா, அவளுக்குத் தெரியவில்லை. கிழிசலுக்குள் ஒரு கண் வந்து நின்றது. அதைச் சுற்றிச் சாக்கு சிவந்துகொண்டு வந்தது.