காத்தமுத்துவின் பங்காளிகள்

சூலியா வீதியில் மாட்டுவண்டிகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்த காத்தமுத்து செத்துப்போனார். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, உயிலும் இல்லை. எந்த ஊர்க்காரர் என்றுகூட ஒருவருக்கும் தெரியாது. இருந்தது ஒரு மாடிவீடு. காய்ச்சலில் கிடந்தவருக்குக் கஞ்சி கொடுக்க ஒரு நாதியில்லை. வாரிசு இருந்தால் வரலாம், இல்லாவிட்டால் வீடு சர்க்காருக்கு என்று கோர்ட்டில் அறிவிப்பு ஒட்டியதும் பினாங்குத் தமிழர்களுக்கு ரத்தபாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது!

துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி திருநாவுக்கரசுவுக்கும் வந்தது. அவனுக்கு நவமணியைக் கட்ட வேண்டும். சாப்பாட்டுக்கடை ராமதாஸின் ஒரே மகள். அவள் ஊற்றிய ரசத்தைக் குடித்துக் குடித்தே காதலை வளர்த்தவன் அவன். அவளுக்கும் ஆசைதான். ஆனால் சொந்த வீடு இருக்கிறவனுக்குத்தான் பெண் என்று ராமதாஸ் கறாராகச் சொல்லிவிட்டார்.

மனு எழுதுகிறவரிடம் போனான்.

"காத்தமுத்துவுக்கு அக்கா மவன்னு எழுதுங்கண்ணே."

"அண்ணன் மவன்னு போடு தம்பி. ஆம்பள வழிக்குத்தான் கோர்ட்டுல மொத உரிமை."

பொய் என்று ஆனபிறகு அதில் என்ன கஞ்சத்தனம்? அண்ணன் மகன் என்றே போட்டான்.

விசாரணையன்று வெள்ளைக்காரத் துரை முன்னால் சத்தியம் செய்தான். "செத்தவரு எங்கப்பாவுக்குத் தம்பி, துரை." கூண்டைவிட்டு இறங்கித் திரும்பினால், அடுத்து ஏற நிற்கிறார் ராமதாஸ்! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கிறார் மனுஷன். அவனைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தார். ஆனாலும் மாடிவீடாயிற்றே, விட மனசு வருமா? "செத்தவரு என் கூடப்பொறந்த அண்ணன், துரை" என்று அவரும் சத்தியம் செய்தார்.

துரை திருநாவுக்கரசுவைக் காட்டி, இவன் யார் என்று கேட்டார். மறுத்தால் அவனும் தன்னை மறுப்பான், முழு வீடும் போகும், ஒத்துக்கொண்டால் பாதியாவது மிஞ்சும் என்று ராமதாஸுக்குத் தோன்றியது.

"எங்க பெரியண்ணன் மவன், துரை."

செத்தவரின் அப்பா பேர் என்ன என்று துரை கேட்டதும் குட்டு உடைந்தது. ஒருவர் முனியாண்டி என்றார், மற்றவன் கருப்பையா என்றான். இரண்டு மனுவும் தள்ளுபடி. எந்த உறவும் கொண்டாடாத சர்க்கார் வீட்டை எடுத்துக்கொண்டது.

வீடு போனால் போகட்டும், அவரைத்தான் கட்டுவேன் என்று நவமணி சோறு தண்ணி இல்லாமல் படுத்துவிட்டாள். ராமதாஸ் இறங்கி வந்தார். நாள் குறித்தார்கள். கடையின் வாடிக்கைக்காரரான கோர்ட்டு துபாஷிக்கு வெற்றிலை பாக்கு வைத்தபோதுதான் வந்தது வினை.

"என்னண்ணே, சொந்த அண்ணன் மவனுக்கே பொண்ணக் கொடுக்கிறீங்க? பொண்ணுக்கு அண்ணன் முறையாச்சே! நீங்க சொன்னத நான்தானே துரைக்கு மொழிபேத்தேன். அது பொய்யின்னா பொய்ச் சத்தியம். ரெண்டு பேரையும் உள்ள போட்டுருவான் லா."

ராமதாஸ் கல்யாணத்தை நிறுத்தினார். அன்றைக்கே திருநாவுக்கரசு அவருக்கு மகன் முறையாகிவிட்டான். அவன் நவமணியிடம் ஓடி எல்லாவற்றையும் சொல்லி அழுதான்.

"அக்கா மவன்னு சொல்லியிருந்தா முறைமாப்பிள்ளையா வந்திருப்பீங்க" என்றாள் அவள். "என் நெனப்பு கொஞ்சமாவது இருந்திருந்தா அண்ணன் மவன்னு வாயில வந்திருக்குமா?" கதவைச் சாத்திக்கொண்டாள். அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்கரையில் பிறை ஊர் ஸ்டேஷனின் ரயில் கிராணி ஒருவனுக்கு அவளைப் பேசி முடித்தார்கள். மாரியம்மன் கோவிலில் கல்யாணம். முன்வரிசையில் துபாஷி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஐயர் அக்னி வளர்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பொரியிடணும். பொண்ணோட அண்ணன் தம்பி யாராவது வாங்கோ."

துபாஷி மெல்லுவதை நிறுத்தினார். ராமதாஸ் அவரைப் பார்த்தார், பிறகு கூட்டத்தில் ஒளிந்து நின்ற திருநாவுக்கரசுவைப் பார்த்தார். "போப்பா" என்று பல்லைக் கடித்தார். அவன் வந்து பொரித்தட்டை எடுத்தான். நவமணி மாப்பிள்ளையின் கைமேல் தன் இரண்டு கையையும் ஏந்தினாள்.

"கை நெறையப் போடுங்கண்ணே" என்றாள்.