வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுப்பது அவள் வேலை. "பதறாதீங்க, நான் சொல்றத மட்டும் செய்யுங்க" என்று நாள் முழுக்க முகம் தெரியாதவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தைகள் அவள் நாக்கிலேயே தேய்ந்துபோயிருந்தன. பேருந்து ஓட்டும் அவள் கணவனுக்கும் அவளுக்கும் வெகு நாளைக்குப் பிறகு ஒரே நாளில் விடுமுறை அமைந்தது. கப்பல் வியாபாரி ஒருவர் வாழ்ந்த பழைய மாளிகையைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஏழு வயது மகள் ஒற்றைக்காலில் நின்றாள். நான்கு வயது மகன் எங்கே என்று கேட்காமலே செருப்பை மாட்டிக்கொண்டான். வீட்டில் அவனுக்குப் பெயர் வாலு. கதவைக் கண்டால் மூடுவான். மூடியைக் கண்டால் திறப்பான். சத்தம் போட்டுக் கூப்பிட்டால் விளையாட்டு என்று நினைத்து எதிர்ப்பக்கம் ஓடுவான்.

வாசலிலேயே பைகளையும் போன்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாதாம். கணவன் முன்முற்றத்துக் கொட்டகையில் நின்ற பழைய காரைப் பார்த்ததும் அங்கேயே வேர்விட்டுவிட்டான்.

"நீங்க போய்க்கிட்டே இருங்க, இத ஒரு சுத்து பாத்துட்டு வந்துடறேன்."

"பேசாம அதையே கட்டியிருக்கலாம் நீங்க" என்று சொல்லிவிட்டு அவள் பிள்ளைகளோடு உள்ளே போனாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே சுவர்கள் ஈரத்தோடு குளிர்ந்து கிடந்தன. கனத்த திரைகள் வெளிச்சத்தைத் தடுத்தன. காலடியில் விரித்திருந்த கம்பளம் நடக்கும் சத்தத்தை அப்படியே விழுங்கியது. வாலுகூடக் கொஞ்ச நேரம் அவள் சுடிதாரைப் பிடித்துக்கொண்டே நடந்தான்.

வழிகாட்டி நடுவயதுப் பெண். சாப்பாட்டு அறையில் கூட்டத்தை நிறுத்தி, பெருமை பொங்கச் சொன்னாள்: "இந்த வீட்டுல அஞ்சு பிள்ளைங்க. ஆனா வந்த விருந்தாளிகளுக்குக் குழந்தைங்க இருக்கறதே தெரியாதாம். அவ்வளவு ஒழுக்கமா வளத்திருக்காங்க." சொல்லும்போது அவள் கண் வாலுவின் மேல் ஒரு முறை போய் வந்தது.

மகளுக்குப் பீங்கான் தட்டுகள் சலித்துவிட்டன. "பிள்ளைங்க ரூம் எங்க?" என்றாள்.

"மேல் மாடி. நீங்க முன்னாடி போங்க, நாங்க பின்னால வரோம். ஆனா மாடிப்படிக் கைப்பிடியக் கழட்டி வேலை நடக்குது. கயிறுதான் கட்டியிருக்கு. சின்னவனப் பிடிச்சுக்கங்க."

பிடித்துக்கொண்டுதான் ஏறினாள். படிகள் முடியும் இடத்தில் கைப்பிடி இருந்த இடம் பொக்கைவாய் மாதிரித் திறந்து கிடந்தது. குறுக்கே தொய்வாக ஒரு கயிறு. அதற்குக் கீழே மூன்று மாடி ஆழத்தில் கல்தரை. பிள்ளைகளை விறுவிறுவென்று கடைசி அறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

சின்னக் கட்டில்கள் ஐந்து. சன்னலுக்குக் கம்பி. மகள் கட்டிலடியில் இருந்த மரக்குதிரையைக் காட்டினாள். அதைப் பார்க்கத் தாய் குனிந்த நேரம்தான். பின்னால் கதவு சாத்தும் சத்தம், அதைத் தொடர்ந்து இரும்பு உரசும் சத்தம்.

வெளியிலிருந்து வாலு சிரித்தான். "மூடிட்டேன்!"

பிள்ளைகள் அறைக்கு எதற்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை ஒதுக்கினாள்.

"சமத்து. இப்ப திற பாக்கலாம்."

இழுக்கும் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கினான். "வரலம்மா."

"இன்னொரு தடவை இழு."

"வரல." பிறகு காலடிகள். கதவைவிட்டு விலகிப் போகும் காலடிகள். "அம்மா, இங்க ஊஞ்சல் இருக்கு!"

தொண்டை வரை வந்த கத்தலை விழுங்கினாள். கத்தினால் ஓடுவான். அந்தப் பக்கம் ஓட ஒரே ஒரு இடம்தான் இருந்தது. பதறாதீங்க என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது யாருக்கோ சொன்னது போல இருந்தது.

மகள் அவள் முகத்தைப் பார்த்தாள். சட்டென்று தரையில் படுத்து, கதவுக்கு அடியில் தேய்ந்து பள்ளமாகியிருந்த இடத்தில் விரல்களை வெளியே நீட்டி ஆட்டினாள்.

"டேய் வாலு, பூச்சி வருதுடா! புடி பாக்கலாம்!"

வெளியே கயிறு முறுகிக் கிறீச்சிட்டது.

"வாலு, பூச்சி உன் பிஸ்கட்ட எல்லாம் தின்னப்போகுது!"

காலடிகள் திரும்பின. தடதடவென்று வந்து செருப்புக் காலால் ஓங்கி மிதித்தான். மகளின் முகம் கோணிப் போனது. கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் கையை இழுக்கவில்லை. "சாகலயே! பூச்சி சாகலயே!" என்றாள்.

தாயும் பக்கத்தில் படுத்தாள். கதவின் அடிப்பலகை கண்ணுக்கு நேரே இருந்தது. தடித்த வெள்ளைச் சாயத்துக்கு அடியில் கீறல்கள். ஒன்றிரண்டல்ல, அடுக்கடுக்காக, முழங்கால் உயரத்துக்கு மேலே ஒன்றுகூட இல்லாமல். சின்ன நகங்கள்.

அந்தப் பக்கம் வாலுவும் படுத்துவிட்டான். பூச்சியைப் பிடிக்க அவன் கை பள்ளத்துக்குள் நுழைந்தது. அவள் அதை எட்டிப் பிடித்தாள்.

முதலில் சிரித்தான். பிறகு இழுத்தான். "விடும்மா. வலிக்குது." அவள் விடவில்லை. அந்தச் சின்ன மணிக்கட்டு அவள் பிடியில் நெளிந்தது. அழுகை அலறலாகி வீடெல்லாம் எதிரொலித்தது. அவள் இன்னும் இறுக்கினாள். 'அழு, நல்லா அழு, கண்ணு' என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"யாரோட பிள்ளை அது?" என்று கீழேயிருந்து வழிகாட்டியின் அதட்டல். படிகளில் பலர் ஏறிவரும் ஓசை. தாழ்ப்பாளைத் தட்டித் தட்டித்தான் திறக்க முடிந்தது. கதவு திறந்தபோதும் அவள் பிடியை விடவில்லை. கூட்டத்தோடு ஓடிவந்த கணவன் குனிந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டான். வாலுவின் மணிக்கட்டில் அவள் விரல்கள் சிவந்து பதிந்திருந்தன.

"தப்பு எங்க மேலதான்..." என்று வழிகாட்டி ஏதோ தொடங்கினாள். தாய் நின்று கேட்கவில்லை.

வீடு திரும்பும் பேருந்தில் மகள் வீங்கிய விரல்களைத் தண்ணீர் பாட்டிலில் ஒற்றிக்கொண்டு, "நான் அழவே இல்லப்பா" என்று அப்பாவிடம் சொன்னாள். சொன்னதுமே அழத் தொடங்கினாள். அவன் அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

வாலு அம்மாவின் தோளில் தூங்கிப்போயிருந்தான். "குடு, கை வலிக்கும், நான் வச்சுக்கறேன்" என்று கணவன் கேட்டான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கை மரத்துப்போய் வெகு நேரமாகியிருந்தது.