பதினைந்து நிமிட எச்சில்

பல் கட்டும் எலெயுத்தேரியோவுக்கு நான் தர வேண்டியது பதினெட்டாயிரத்து முந்நூற்றைம்பது பெசோ. மேல் வரிசைப் பல்செட்டுக்கு. வெள்ளிக்கிழமை ஆரஞ்சு, எலுமிச்சை பேக்கிங் ஷெட்டில் கூலி கைக்கு வந்ததும் நேரே அவர் கடைக்கு நடப்பேன். ஐந்நூறு கொடுப்பேன், நோட்டில் எழுதுவார். நாற்பத்தாறு வயதில்தான் நான் எழுத்துக் கற்றேன். அவர் எழுதுவதை எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வாரத்தில் நான் போகிற வேறு வாசல் கிடையாது.

என் பற்கள் வாய் வறண்டே கொட்டின. உடம்பு தன் எச்சில் சுரப்பிகளையே எதிரியாக நினைத்துத் தின்கிறது என்றார் டாக்டர். ஷெட்டில் எலுமிச்சை நசுங்கினால் எல்லாருக்கும் நாக்கில் நீர் ஊறும். எனக்கு மணல். பிறகு உதட்டில் புண் வந்தது. இடைவேளையில் மாத்தே குடுவை கைமாறி வரும்; பச்சை இலையில் வெந்நீர் ஊற்றிய அந்தக் கஷாயத்தை எல்லாரும் ஒரே குழலில் உறிஞ்சுவோம். ஒருநாள் கூட வேலை செய்யும் வில்மார் அதை என்னைத் தாண்டி சுசானாவிடம் நீட்டினான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து தனியாகக் குடித்தேன்.

நோய் உண்டென்று காகிதம் இருந்தால் மருத்துவ நிதி பல்செட்டுக்குப் பணம் கட்டும். அதற்கு எச்சிலை அளக்க வேண்டும். தலையைக் குனிந்து, பேசாமல், விழுங்காமல், பதினைந்து நிமிடம் குழாயில் ஒழுகவிட வேண்டும். ஒன்றரை மில்லிக்குக் கீழே வந்தால் நோய்.

"எதுவும் சாப்பிடல, குடிக்கலதானே, இல்டாம்மா?" என்று கேட்டாள் ஆஸ்பத்திரியில் எச்சில் அளக்கிற மிர்த்தா. அவள் மேசையில் அவளுடைய மாத்தே குடுவை ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"ராத்திரியிலேர்ந்து ஒண்ணுமில்ல. நீ குடுத்த சீட்டை நானே படிச்சேன்," என்றேன். கக்கத்தில் என் ஃபிளாஸ்க் இருந்தது.

ஒன்று புள்ளி ஒன்பது வந்தது.

"அப்ப எனக்கு நோயில்லையா?"

மிர்த்தா குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "இது ஏன் பச்சையா இருக்கு?"

இருவரும் ஃபிளாஸ்கைப் பார்த்தோம்.

"மாத்தே குடிச்சியா?"

"அது குடிக்கிறதுல சேருமா?"

"பின்ன, குளிக்கிறதுலயா சேரும்?" என்று சொன்னவள், தன் குடுவையைப் பார்த்துவிட்டு அதை மெல்ல மேசைக்கு அடியில் தள்ளினாள். "எம்மேலயும் தப்பு. இந்த ஊர்ல கக்கத்துல ஃபிளாஸ்க் இல்லாம யாராவது வந்தாத்தான் எங்கண்ணுல படும். அடுத்த செவ்வாக்கிழமை வா. ஒரு மடக்குகூட கூடாது."

அந்தச் செவ்வாய் காலையில் கெண்டியை அடுப்பில் வைக்கவில்லை. வீட்டில் அது ஒன்றுதான் சத்தம் போடும். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, விரலால்தான் பிரித்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் மணி கேட்டாள். வாய் திறக்கவில்லை, கைக்கடிகாரத்தைக் காட்டினேன். எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

பதினைந்து நிமிடம் குனிந்திருந்தேன். மிர்த்தா எதிரில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் பேசக் கூடாது என்று ஒருத்தி எனக்காக மௌனமாக இருந்தது அன்றுதான். மற்றவர்களின் மௌனம் வேறு மாதிரி. பத்தாவது நிமிடத்தில் ஒரு சொட்டு உதட்டில் நின்றுகொண்டு விழ மறுத்தது. அவளும் அதையே பார்த்தாள்.

"பூச்சியம் புள்ளி மூணு," என்றாள். "வாழ்த்துச் சொல்றதா, அழறதான்னு தெரியல, இல்டாம்மா."

"கையெழுத்துப் போடு. அது போதும்."

நிதி ஒரே மாதத்தில் முழுப் பணத்தையும் எலெயுத்தேரியோவுக்குக் கட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை வழக்கம்போல் போனேன், கையில் ஐந்நூறு இருந்தது.

"அதை உள்ள வை," என்றார். "இனிமே இந்த வெயில்ல இவ்வளவு தூரம் நீ நடக்க வேண்டாம். உன் கால் பிழைச்சுது."

"செட்டு ஒரு பக்கம் உறுத்துது," என்றேன். பொய்தான்.

கழற்றிப் பார்த்தார், விரலால் தடவினார், திருப்பித் தந்தார். "எல்லாம் சரியா இருக்கே."

"அப்படியா."

நோட்டைத் திறந்து என் பெயரைத் தேடினார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டேன். எழுத ஒன்றுமில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு மூடிவிட்டார்.