பாலத்துப் படத்தில் அண்ணன்

"இதுல முகமே இல்லையேப்பா," என்று ஸ்டுடியோக்காரர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "தலை இருக்கு, தோள் இருக்கு. முகம் இருக்கவேண்டிய இடத்துல வெறும் புகைதான்."

தம்பிக்குத் தெரியாதா என்ன? பாலத்தின் முதல் தூண் எழும்பி நின்ற அன்று எடுத்த படம் அது. கம்பெனிக்காரன் முக்காலியில் கேமராவை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். கையைத் தூக்கினால் ஒருத்தரும் அசையக் கூடாது என்று சொல்லியிருந்தான். கம்பி கட்டுகிறவர்கள், கலவை சுமக்கிறவர்கள் எல்லோரும் கல்லாய்ச் சமைந்து நின்றார்கள். அண்ணன் மட்டும் தலையைத் திருப்பி, "டேய், சீக்கிரம் வாடா, நீ இல்லாம என்ன படம்!" என்று கத்தினான். தம்பி அப்போது தொட்டித் தண்ணீரில் கைச் சிமெண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து அண்ணனுக்குப் புகை என்றே பெயர். "மூஞ்சிய ஆத்துல விட்டுட்டு வந்தவன்" என்று யாராவது கேலி செய்தால் முதலில் சிரிப்பவனும் அவன்தான். பாழாய்ப்போன சிரிப்பு! அவனுக்கு வேறு படமே கிடையாது.

நேற்று அதே பாலத்தின் கடைசித் தூணிலிருந்து விழுந்தவனைத் துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். தலைப்பக்கம் மட்டும் அவிழ்க்க வேண்டாம் என்று மேஸ்திரி மறித்துக்கொண்டு நின்றார். அண்ணி அழவில்லை. பால்குடி மறக்காத மகளை மடியில் போட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தம்பி, நாளைக்கு இவ அப்பா எப்படி இருப்பாருன்னு கேட்டா நான் எதக் காட்டுவேன்? தூக்கறதுக்குள்ள ஒரு முகம் கொண்டுவாங்க."

"ஏதாவது பண்ணுங்கண்ணே, உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன்," என்று ஸ்டுடியோக்காரரிடம் கெஞ்சினான் தம்பி.

அவர் அவனையே பார்த்தார். "கூடப் பொறந்தவனா? சாயல் இருக்குமா?"

"தூரத்துல பாத்தா எங்கம்மாவே மாத்திக் கூப்பிடும்."

"அப்ப அந்த நாற்காலியில உக்காரு. உன் முகத்த எடுத்து இதுல ஒட்டி, மேல கொஞ்சம் பிரஷ்ல தடவிடறேன். ஒருத்தருக்கும் தெரியாது."

செத்தவன் முகத்தைத் திருடுகிற மாதிரி இருந்தது. ஆனால் வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது? உட்கார்ந்தான். அண்ணனின் புருவத்துத் தழும்பை மறக்காமல் சொன்னான்.

மதியம் படத்தோடு வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஐயோ, அப்படியே உரிச்சு வச்சிருக்கே!" என்று ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள். தம்பிக்கு உயிர் வந்தது. படத்தை உள்ளறைக்கு எடுத்துப்போய் அண்ணியிடம் கொடுத்தான்.

மடியில் கிடந்த மகளைத் தட்டிக்கொடுத்தபடி அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இது நீங்கதானே தம்பி?"

"அண்ணி, நான் வந்து..."

"சரி, மாட்டுங்க," என்றாள். "இவளுக்குத் தெரியப்போறதில்ல."

முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினான். சுவரில் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினான்.

"மெல்ல அடிங்க. இப்பதான் கண்ணசந்தா."

மெல்ல அடித்தான். அந்த அடிக்கு ஆணி இறங்கவில்லை.