தேய்த்த நம்பர்

மாரத்தானின் ஐந்தாவது கிலோமீட்டரில், நேரம் குறிக்கும் விரிப்பை மிதித்துத் தாண்டியவர்களின் எண்கள் பக்கத்துத் திரையில் ஒவ்வொன்றாக மின்னின. அவளுடைய 2714 மட்டும் வரவில்லை.

மார்பில் குத்தியிருந்த எண் தாளின் பின்புறம் விரலை விட்டுத் தடவினாள். நேரத்தைப் பதியும் சிப் பட்டை உருகிக் கொப்புளித்திருந்தது.

அவள் கணவர் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவர். கசங்கிய எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. காலையில் பனியனோடு இந்தத் தாளையும் தேய்த்து விறைப்பாக நீட்டி, "பாத்தியா, கல்யாணப் பத்திரிகை கணக்கா இருக்கு" என்றார். அவளும் சிரித்துக்கொண்டே குத்திக்கொண்டாள்.

அடுத்து வரும் பெரிய மாரத்தானில் இடம் கேட்க, அவள் வயதுக்காரர்கள் இதுபோன்ற ஓர் ஓட்டத்தை மூன்று மணி ஐம்பத்தைந்து நிமிடத்துக்குள் ஓடி முடித்துக் காட்ட வேண்டும். நாளையோடு விண்ணப்பம் முடிகிறது. மருந்துக் கடையில் நாளெல்லாம் நின்ற கால்களோடு இரண்டு வருடம் பழகியது இந்த ஓர் ஓட்டத்துக்காகத்தான்.

திரும்பி, விரிப்புக்குப் பக்கத்தில் நேரம் குறிப்பவர்களின் மேசைக்கு ஓடினாள். மூக்குக்கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"என் சிப் போயிடுச்சும்மா. வீட்டுக்காரர் இஸ்திரி போட்டுட்டார்."

அம்மாள் பேனாவை நிறுத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க வீட்டு ஆளுக்கு இஸ்திரிப் பெட்டி எங்க இருக்குன்னே தெரியாது. எழுதிக்கிட்டேன், கிளம்பு. மேசைக்கு மேசை நம்பரைக் கத்திட்டுப் போ. நான் எல்லாருக்கும் போன் பண்ணிடறேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. கையால எழுதினா, ஓட்டத்தைத் தொடங்கத் துப்பாக்கி சுட்ட நேரத்துலேர்ந்துதான் கணக்கு."

பின்வரிசையில் நின்றவள் அவள். துப்பாக்கி வெடித்து ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் தொடக்கக் கோட்டையே தாண்டினாள். இங்கே இன்னும் அரை நிமிடம் போயிற்று. ஆக இரண்டு நிமிடத்தை எங்கிருந்து பிடுங்குவது?

பன்னிரண்டாவது கிலோமீட்டர் வரை கணவரை மனசுக்குள் வறுத்தெடுத்தாள். வீட்டுக்குப் போனதும் கேட்க வேண்டியதையெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டாள். இருபத்தொன்றில் ஒருவர் எழுந்து நின்று, "2714 தானே? எழுதியாச்சு, ஓடுங்க" என்றார். முப்பதில் தண்ணீர் கொடுத்த பெண், "இஸ்திரி அக்கா வர்றாங்க" என்று குரல் கொடுக்க, மேசையே திரும்பிப் பார்த்தது. மூச்சிரைப்புக்கு நடுவில் சிரிப்பு வந்தது. முன்பின் தெரியாதவர்கள் தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பில் கோபம் எங்கோ நழுவி விழுந்துவிட்டது.

முப்பத்தெட்டில் கால் மரத்தது. 'கடவுளே, இந்த வளைவு மட்டும்' என்றாள். அடுத்த வளைவுக்கும் அதையேதான் கேட்டாள்.

முடிவுக் கோட்டில் நம்பரைச் சொல்லக் குரல் எழும்பவில்லை. பேனாவைத் திறந்து பிடித்தபடி நின்ற பெரியவர் கையமர்த்தினார். "சொல்ல வேணாம்மா. பாத்துட்டேன்."

மேசையில் எல்லா நோட்டுக் கணக்கையும் போனில் கேட்டு ஒத்துப்பார்த்தார்கள். மூன்று ஐம்பத்து நாலு, நாற்பத்தாறு விநாடி. தலைமை நடுவர் கையெழுத்துப் போட்டார்.

வேலிக்கு அப்பால் நாலாக மடித்த துண்டோடு கணவர் நின்றார். "ஏன் மேசைக்குக் கூட்டிட்டுப் போனாங்க? ஏதாவது தப்பாயிடுச்சா?" அவர் முகம்தான் இப்போது கசங்கியிருந்தது.

அவள் வேலியில் சாய்ந்து அந்தத் துண்டை வாங்கிக்கொண்டாள்.

"நேரத்துக்குள்ள முடிச்சுட்டேங்க, நாளைக்கே விண்ணப்பம் போட்டுடலாம். மிச்சத்தை வீட்டுல சொல்றேன், சிரிப்பீங்க."

அவர் கண் வியர்வையில் சுருண்டிருந்த தாளுக்குப் போயிற்று. கையும் தானாக அதை நீவியது. "கொடு, வீட்டுக்குப் போனதும் ஒரு இழுப்பு இழுத்துடறேன்."

"வேணாங்க," என்றாள், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு. "இது இப்படியே இருக்கட்டும்."